ஒன்பதாம் எண் முத்திரை

காளியப்பனின் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதித்தாள் வஹிதா. அவர் திகைத்துப் போய் அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் மூக்கிலும் ஏறியது பெட்ரோல் வாடை.

"பத்தடி தள்ளி நில்லுங்கண்ணே. பத்த வெச்சீங்கன்னா நீங்க, நான், உங்க கடலைக்காடு எல்லாம் சேர்ந்து போயிடுவோம்."

கம்பைநல்லூர் ஏரியின் பாதி காய்ந்த வயிற்றில் மஞ்சள் விமானம் மூக்கைப் புதைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் ஊர். யாரோ இறக்கைமேல் ஏற ஒரு காலை வைத்திருந்தார்கள். கான்ஸ்டபிள் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தாறாம் வருஷம், ஆடி மாதத்துத் திங்கட்கிழமை. நிலக்கடலையில் கம்பளிப்புழு இறங்கியிருந்தது. மருந்து தெளிக்க ஓசூரிலிருந்து விமானம் வரும் என்று பஞ்சாயத்தில் அறிவித்தபோது யாரும் நம்பவில்லை. வந்தது. காலை ஏழரைக்கு நாலு சுற்று அடித்தது. ஐந்தாவது சுற்றில் சத்தம் அடங்கி, ஒரு கொக்கு இறங்குவது போல ஏரிக்குள் இறங்கிவிட்டது.

"புழுவுக்கு மருந்து அடிக்க வந்துச்சா, புழுவாட்டம் ஊர வந்துச்சாங்க உங்க ஏரோப்ளேன்?" என்றார் காளியப்பன், பீடி போன கடுப்பில்.

உங்க ஏரோப்ளேன். அந்த வார்த்தைதான் வஹிதாவைச் சுட்டது. ஏனென்றால் அது உண்மை.

பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் ரஷீத்தின் இளைய மகள் அவள். டிப்ளமோ முடித்து ஓசூர் விமானத் தொழிற்சாலையில் நாலு வருஷமாக இன்ஸ்பெக்டர். அக்கா ஷகிலாவுக்குக் குழந்தை பிறந்ததால் வியாழக்கிழமையிலிருந்து லீவில் ஊருக்கு வந்திருந்தாள். நாளை வேலைக்குத் திரும்ப வேண்டும். மொட்டை மாடியில் குழந்தைத் துணியைக் காயப்போடும்போது அந்த எஞ்சின் சத்தம் குறைந்ததைக் கேட்டாள். ஊரில் மற்றவர்களுக்கு அது சத்தம். அவளுக்கு அது ஒரு ஆள் மூச்சுத் திணறுவது மாதிரி. துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

பைலட் கிருஷ்ணப்பனை அதற்குள் வெளியே இழுத்துவிட்டார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வேனில் ஏற்றும்போது அவளை அடையாளம் கண்டுகொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். கம்பியைத் தள்ளினேன், அந்தப் பக்கம் யாரும் பிடிச்சுக்கலை.

அந்த ஒரு வாக்கியம் போதும். எங்கே தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எஞ்சின் மூடியின் நாலு பூட்டுகளையும் திருகித் திறந்தாள். கையை முழங்கை வரைக்கும் சூட்டுக்குள் விட்டாள். மோட்டார் சைக்கிளில் ஆக்சிலேட்டர் செய்கிற வேலையை இங்கே திராட்டில் என்கிற ஒரு கம்பி செய்கிறது. கம்பியின் முனை எஞ்சினோடு சேரும் இடத்தில் சுண்டு விரல் மொத்தத்தில் ஒரு போல்ட்டு, அதன் மேல் ஒரு நட்டு. கம்பி தனியாகத் தொங்கியது. போல்ட்டு இல்லை, நட்டும் இல்லை.

மூடியின் அடித்தட்டில் எண்ணெயும் புழுதியும் கலந்த குழம்பைத் துழாவினாள். போல்ட்டு கிடைத்தது. இன்னும் கொஞ்சம் துழாவ நட்டும் கிடைத்தது. மூன்றாவது ஒன்று கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை.

"இன்னாம்மா தேடற?" என்றார் கான்ஸ்டபிள்.

சின்னதாக ஒரு ஊசி, இரட்டைக் கால் உள்ளது என்றாள் அவள். போல்ட்டின் நுனியில் ஒரு துளை இருக்கிறது, அதில் நுழைத்து இரண்டு காலையும் மடக்கிவிட்டால் நட்டு எத்தனை ஆட்டம் ஆடினாலும் கழலாது, அதற்குப் பேர் ஸ்பிளிட் பின்.

கான்ஸ்டபிளுக்குப் புரியவில்லை. காளியப்பனுக்குப் புரிந்துவிட்டது.

"கடையாணி" என்றார். "அச்சுல சக்கரம் மாட்டி கடையாணி போடாம வண்டி பூட்டியிருக்கானுங்க. எவன்ங்க அவன்?"

கூட்டம் முழுக்க அதையே திருப்பிச் சொன்னது. எவன் அவன்?

வஹிதா போல்ட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். பின் இருந்து முறிந்திருந்தால் துளையின் உள்ளே கீறல் இருக்கும், முறிந்த துண்டு சிக்கியிருக்கும். இங்கே துளை முழுக்க மஞ்சள் கிரீஸ், பூசியது பூசியபடி, பொரிவிளங்காய் உருண்டையில் வைத்த பருப்பு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. இந்தத் துளைக்குள் எதுவுமே நுழைந்ததில்லை.

பைலட் இருக்கைக்குப் பின்னாலிருந்த பையிலிருந்து பரிசோதனை அட்டையை எடுத்தாள். திராட்டில் இணைப்பு, சரி. பின், சரி. தேதி, சனிக்கிழமை. அதற்குக் கீழே ஊதா மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு எண்.

ஒன்பது.

ஒன்பது அவள்.

ஏரிக்காற்றில் அட்டை படபடத்தது. சனிக்கிழமை அவள் இதே கம்பைநல்லூரில் அக்கா மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

*

இந்த இடத்தில் அந்தத் தொழிற்சாலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்ஸ்பெக்டருக்குச் சம்பளத்தைவிடப் பெரிய சொத்து முத்திரை. விரல் நுனி அளவு பித்தளை. அது பதிந்தால் அந்த வேலைக்கு அந்த ஆள் ஜவாப்தாரி, விமானம் உடைந்து தூளாகும் காலம் வரைக்கும். லீவில் போகும்போது முத்திரைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். வஹிதா புதன்கிழமை சாயங்காலம் போட்டாள். பெட்டிக்கு இரண்டே சாவி. ஒன்று தலைமைப் பொறியாளர் வெங்கடாசலத்திடம். இன்னொன்று நிர்வாக இயக்குநர் சவுரியப்பனிடம்.

வெங்கடாசலம் அந்த மஞ்சள் விமானத்தை முதல் கோட்டிலிருந்து வரைந்தவர். அவர் மேஜை கொட்டகைக்கு நடுவிலேயே கிடக்கும். ரிவிட் ஆணி அடிக்கிற சத்தம் மாறினால் தலையைத் தூக்குவார். சவுரியப்பன் ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தவர். அதற்கு முன் பம்பாயில் சோப்புக் கம்பெனி. வந்த வேகத்தில் தலைமை அலுவலகத்தை ஓசூரிலிருந்து தூக்கிக்கொண்டு போய் பெங்களூரில் நாலாவது மாடியில் வைத்தார். அங்கே ரிவிட் சத்தம் கேட்காது, டெலிபோன் சத்தம்தான் கேட்கும். எத்தனை விமானம், எந்தத் தேதி என்று அவர் கேட்பதைத் தொழிலாளிகள் சாப்பாட்டு வேளையில் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். குளிக்கிற சோப்பா, துவைக்கிற சோப்பா?

யார் குத்தியிருப்பார்கள் என்பதில் வஹிதாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அவளுக்கும் ஃபிட்டர்களுக்கும் மட்டும் தெரிந்த காரணம்.

போன பொங்கலுக்கு முன்னால் ஒரு ஃபிட்டர் பின்னை அவசரத்தில் மடக்காமல் விட்டுவிட்டார். அன்றிலிருந்து வஹிதா ஒரு பழக்கம் ஏற்படுத்தினாள். அந்த அளவுப் பின் எல்லாம் அவளுடைய தகர டப்பாவில்தான் இருக்கும். ஃபிட்டர் நட்டை முறுக்கிவிட்டுக் கூப்பிடுவார். அவள் வந்து பார்த்து, டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு பின்னை எடுத்துக் கையில் கொடுப்பாள். அவர் அவள் கண் முன்னால் போட்டு மடக்குவார். உடனே முத்திரை. முத்திரை விழுந்த அட்டையைப் பார்த்தால் மற்றவர்கள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

டப்பா இப்போது அவள் மேஜை இழுப்பறைக்குள். மேஜைச் சாவி அவள் இடுப்பில்.

ஆகவே முத்திரையைக் குத்தியவருக்கு டப்பாவைப் பற்றித் தெரியாது. கொட்டகைத் தரையில் நிற்கிற ஆளால் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. நாலாவது மாடியில் நிற்கிற ஆளால்தான் செய்ய முடியும்.

கணக்கு நேராக வந்து உட்கார்ந்தது. அதை நிரூபிப்பதுதான் பாக்கி. நிரூபிக்காவிட்டால், விழுந்த விமானத்துக்கு ஜவாப்தாரி ஒன்பதாம் எண்.

*

பகல் பன்னிரண்டரைக்குப் புல்லட் ஏரிக்கரையில் தடதடத்தது. போலீஸ் ஸ்டேஷன் போன் செய்ததும் வெங்கடாசலம் ஓசூரிலிருந்து நேராகக் கிளம்பி வந்திருந்தார். தலையெல்லாம் செம்மண். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சரித்துப் போட்டுவிட்டு விமானத்தண்டை நடந்தார். மூக்கைத் தடவிப் பார்த்தார். குதிரை வளர்த்தவர் குதிரையைத் தடவுவது போல.

வஹிதா போல்ட்டையும் அட்டையையும் நீட்டினாள். அவர் அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு மடக்கிச் சட்டைப் பையில் வைத்தார். போல்ட்டை வெகு நேரம் பார்த்தார்.

"பின் முறிஞ்சு போச்சுன்னு எழுதிடும்மா."

"முறியலீங்க சார். போடவே இல்லை."

"எனக்குத் தெரியுது. நீ எழுது. பின் சப்ளை பண்ணவன் தலையில போகும். இல்லேன்னா அந்த ஒன்பது உன் தலையில உக்காரும். பெங்களூர்ல எப்பவுமே கீழ இருந்துதான் ஆள் தேடுவாங்க."

தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள் வஹிதா. யார் குத்தினது என்று மட்டும் கேட்டாள். அவர் ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் சவுரியப்பன் போன் செய்தார் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. போனில் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கே தெரியுமே, அனுப்பியே ஆக வேண்டும் என்று அதட்டிவிட்டுத் தன் சாவியோடு ஆளையும் அனுப்பியிருப்பார்.

"சனிக்கிழமை இது ஒண்ணுதான் போச்சுங்களா?"

அவர் விமானத்தின் இறக்கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். இரண்டு போனது என்றார் பிறகு. இன்னொன்று ஏரியூரில் நிற்கிறது, பைலட் பச்சியப்பன். காலையில் அங்கே காற்று அதிகம், பறக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கிளப்புவார்கள்.

ஏரியூர்ப் பக்கம் ஏரி இல்லாத இடமெல்லாம் பாறை. இறங்க இடமில்லை.

"அதுல ஒண்ணும் ஆகாதும்மா. அதை நான் பார்த்தேன்" என்றார்.

"அதுலயும் பின் இருக்காதுங்க சார்."

"பார்த்தேங்கறேன்ல."

வஹிதா வாதாடவில்லை. முறிந்தது என்று எழுதினால் ஒன்பதாம் எண் தப்பிக்கும். ஆனால் முறிந்த பின்னுக்காக யாரும் ஏரியூர் விமானத்தை நிறுத்த மாட்டார்கள். அங்கேயும் அட்டையில் இதே ஒன்பதுதான் இருக்கும். போஸ்ட் ஆபீசுக்குப் போக வேண்டும், வண்டியில் ஏற்றிப் போகிறீர்களா, நடந்து போகட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

புல்லட் சாவியோடு இன்னும் நாலைந்து சாவிகள் ஒரே வளையத்தில் கிடந்து குலுங்கின. கடைவீதி திரும்பும் இடத்தில் அவளாகவே தகர டப்பா கதையைச் சொன்னாள். நட்டை முறுக்கியதும் கூப்பிடுவது, ஒரே ஒரு பின்னை எடுத்துக் கொடுப்பது, டப்பாவைப் பூட்டிவிட்டு லீவில் வந்தது.

வண்டி நின்றுவிட்டது. நடுத்தெருவில். பின்னால் வந்த கரும்பு டிராக்டர்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"எப்போ இருந்து?"

"போன பொங்கலிலிருந்துங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எழுதிக் கொடுக்கணும்னுதான் இருந்தேன். நீங்க அந்தச் சோப்புக்காரரோட மல்லுக்கட்டப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் அலைஞ்சுட்டே இருந்தீங்க. அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தில் வியர்வை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அடுத்த நிமிஷம் வண்டி பறந்த வேகத்தில் வஹிதா சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

போஸ்ட் மாஸ்டர் மாது, ரஷீது பாய் மகளுக்காகப் புத்தகத்தை எல்லாம் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு டிரங்க் எக்ஸ்சேஞ்சோடு சண்டை போட்டார். ஒன்றே முக்காலுக்கு ஏரியூர் யூனியன் ஆபீஸ் கிடைத்தது. அங்கிருந்த குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். பைலட் சாப்பிடப் போயிருக்கிறார், வந்தால் சொல்கிறேன், ஆனால் கம்பெனி ஆர்டர் இல்லாமல் நிறுத்தினால் விவசாயிகள் தன்னை உரித்துவிடுவார்கள் என்றார். விமானத்தை நிறுத்தும் அதிகாரம் இப்போது பெங்களூருக்கு மட்டும்தான். முன்பெல்லாம் எந்த இன்ஸ்பெக்டரும் நிறுத்தலாம். சவுரியப்பன் வந்த பிறகு மாறிய சட்டங்களில் அதுவும் ஒன்று.

பெங்களூருக்கு, வரிசையை முந்திக்கொண்டு போகும் லைட்னிங் கால் போட்டார் மாது. எட்டு மடங்கு கட்டணம் என்று எச்சரித்தார், பிறகு அவரே கையை வீசி அதை விரட்டினார். இரண்டரை. மூணு. வெங்கடாசலம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். போனில் நீங்கள் பேசுங்கள் என்று வஹிதா சொன்னபோது தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். அவர்கள் பேசிக்கொண்டால் சண்டைதான் வரும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மூணு பத்துக்கு மணி அடித்தது. ரிசீவரில் சவுரியப்பனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் மறுப்பார், தேதியைச் சொல்லுவார், கான்ட்ராக்ட் என்பார் என்று பதிலும் தயாராக வைத்திருந்தாள். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நிறுத்தணுமா? நிறுத்திடறேன். ஏரியூர் நம்பர் சொல்லுங்க."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம்பரைச் சொன்னாள். பிறகு, வாய்க்கு வந்த துணிச்சலில், நீங்கள் எப்படியும் விபத்தைப் பார்க்க வருவீர்கள், வரும்போது முத்திரைப் பெட்டிச் சாவியைக் கொண்டு வாருங்கள் என்றாள்.

"என்ன சாவி?"

நடிக்கிறார், என்று நினைத்துக்கொண்டாள். ஜனவரியில் ரிஜிஸ்டர் தபாலில் வந்த அரக்கு வைத்த கவர், என்றாள் அழுத்தமாக. அப்படி ஒன்று இருந்தால் கொண்டு வருகிறேன் என்றது குரல். லைன் அறுந்தது.

நாலு இருபதுக்கு ஏரியூரிலிருந்து மாதுவுக்குப் போன் வந்தது. அவர் கேட்டதை ஒரு தந்திப் படிவத்தின் பின்னால் எழுதி அவளிடம் நீட்டினார். விமானம் நிறுத்தப்பட்டது. மூடியைத் திறந்து பார்த்தாகிவிட்டது. பின் இல்லை. பச்சியப்பன் இரண்டு விரலால் திருக, நட்டு கையோடு வந்துவிட்டது.

வஹிதா அதை வெங்கடாசலத்திடம் கொடுத்தாள். படித்துவிட்டுப் போஸ்ட் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி இடிந்து உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

*

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்பாசிடர் ஏரிக்குள் இறங்கியது. கூட்டம் பாதி கலைந்திருந்தது. காளியப்பன் மட்டும், எவன் என்று தெரியாமல் வூட்டுக்குப் போவதில்லை என்று வரப்பில் குந்தியிருந்தார்.

சவுரியப்பன் இறங்கினார். பளபளக்கிற ஷூ சேற்றில் கணுக்கால் வரை போனது. அதைக் கவனிக்காமல், முதலில் பைலட்டின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு விமானத்தைப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாதவர் பார்க்கிற பார்வை.

வஹிதா நேராகப் போனாள். சனிக்கிழமை நான் இல்லை, என் முத்திரை இருந்திருக்கிறது, பெட்டிக்கு இரண்டு சாவி, உங்கள் சாவியைக் காட்டுங்கள் என்றாள்.

அவர் தன் கைப்பெட்டியைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். "இதுவான்னு பாருங்க மிஸ் வஹிதா. அலமாரியில பழைய ஃபைலுக்கு அடியில கிடந்துச்சு. வந்த புதுசுல ஏகப்பட்ட கவர் வந்தது. இது என்னன்னு எனக்கு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை, அது என் தப்பு."

இதுதான். ஜனவரியில் வெங்கடாசலம் சொல்லி, அவளே சாவியைப் போட்டு, அரக்கு உருக்கி, தன் ஒன்பதை அதன் மேல் அழுத்திய கவர். அரக்கு ஆறும் முன் அவள் சேலை முந்தானை அதில் பட்டுவிட்டது. இழுத்தபோது ஒரு பச்சை நூல் அரக்கிலேயே தங்கிவிட்டது. மாற்றி ஒட்ட நேரமில்லை என்று அப்படியே அனுப்பினாள்.

கவரை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒன்பது அப்படியே இருந்தது. அரக்கில் ஒரு கீறல் இல்லை. பாதி அரக்குக்குள்ளும் பாதி காகிதத்தின் மேலும், அந்தப் பச்சை நூல் அறுபடாமல் கிடந்தது. கவருக்குள் சாவி நகர்ந்து டிக் என்றது.

இரண்டு சாவி. ஒன்று இன்னும் கவரை விட்டு வெளியே வரவே இல்லை.

வஹிதா மெதுவாகத் திரும்பினாள். கரையில் சரிந்து நின்ற புல்லட்டில் சாவி வளையம் தொங்கியது. அதில் சின்னதாக ஒன்று, பித்தளை, சாய்ந்த வெயிலில் மினுங்கியது.

வெங்கடாசலம் சட்டைப் பையிலிருந்து பரிசோதனை அட்டையை எடுத்து, மடிப்பை விரலால் நீவி, அவளிடம் கொடுத்தார். அவருடைய கண் அவளைப் பார்க்கவில்லை, சேற்றில் நின்ற அந்தப் பளபளப்பான ஷூவைப் பார்த்தது.

"சனிக்கிழமை இவர் போன்ல என்ன சொன்னார்னு நீ கேக்கவே இல்லையேம்மா" என்றார். "இன்ஸ்பெக்டர் லீவுன்னா அனுப்ப வேண்டாம், அந்தப் பொண்ணு செவ்வாய்க்கிழமை வந்து பார்த்த பிறகு போகட்டும்னார். சோப்பு வித்தவன் எனக்கு விமானத்தைப் பத்திச் சொல்றதான்னு, போனை வெச்ச கையோட போய் பெட்டியைத் திறந்தேன்."